ஒரு வெள்ளைப் புள்ளிக்கு 11,700 ரூபாய்

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை அந்த மின்னஞ்சல் வந்தது. ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொகுதியை, வேலை கொடுத்தவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதில் இருந்தது அமைதியான ஒரே ஒரு கேள்வி: “நாயகியின் இந்தத் தோழியை நல்லவள் என்று நினைத்தா மொழிபெயர்த்தீர்கள்?” ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். தொகுதி முழுக்க அவளைத் தேன் ஒழுகப் பேச வைத்திருந்தேன். கேள்வியைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. அன்று முழுவதும் பதில் எழுதவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. “பொம்மைப் புத்தகம்தானே, அதில் என்ன தப்பு வந்துவிடும்” என்று கேட்டால் விளக்கிச் சொல்லும் தெம்பு அப்போது என்னிடம் இல்லை.

நான் கோவையில் பம்பு, மோட்டார் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், மேலிருந்து இரண்டாவதான என்2 நிலை தேறியிருந்தேன். இலக்கணத்தில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. கையேட்டில் ‘நட்டை இறுக்கவும்’ என்று இருந்தால் நட்டை இறுக்கத்தான் வேண்டும். அதற்கு உள்ளர்த்தம் கிடையாது. அந்தப் பழக்கத்தோடுதான் மங்காவில் இறங்கினேன். பக்கத்துக்கு 130 ரூபாய், 180 பக்கம், மொத்தம் 23,400 ரூபாய், ஆறு வாரம் என்று பேச்சு. ஒப்பந்தப்படி தொகுதியின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரு பள்ளிக்கூடக் காதல் கதை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வசனங்கள் அனைத்தையும் தட்டச்சு செய்து, பக்க எண், கட்ட எண்ணோடு எக்செல் தாளில் கொடுத்தார்கள். கூடவே ஒரு கோப்புறையில் பக்கங்களின் சிறிய படங்கள். அந்தப் படங்கள் எந்த வசனம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று அடையாளம் காட்டத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் வரிசையில் தொடங்கி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வரிசைகள், ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்து முடித்துத் தள்ளினேன். வேகமாக முடித்ததில் பெருமை வேறு.

தவறு நடந்த இடம் 63-ஆம் பக்கம். நாயகி ஓடி வந்து, தான் விரும்பிய பையன் சரி என்று சொல்லிவிட்டதாகத் தோழியிடம் சொல்கிறாள். தோழி சொல்வது இரண்டே சொல்: “யோக்கத்தா நே.” நல்லதாயிற்று, இல்லையா என்று பொருள். உதட்டில் சிறிய புன்னகை. நான் அதை ‘உனக்காக எவ்வளவு சந்தோஷப்படுகிறேன் தெரியுமா!’ என்ற தொனியில் ஆங்கிலத்தில் எழுதினேன். மூலத்தில் இல்லாத ஆச்சரியக்குறி ஒன்றும் என் உபயம். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் அந்தக் குரலிலேயே போய்விட்டது. எட்டாம் அத்தியாயத்தில் அவள் நாயகியின் கடிதத்தை எடுத்து வகுப்பில் எல்லோரும் படிக்கக் கொடுத்துவிடுகிறாள். இது என்ன திடீரென்று, இந்த ஆசிரியருக்குக் கதை கட்டத் தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டேன். அவருக்குக் கட்டத் தெரிந்திருந்ததால்தான் 63-ஆம் பக்கத்திலேயே சொல்லிவிட்டிருந்தார். நம் ஊரில் ‘நன்றாக இரு’ என்பதை வாழ்த்தாகவும் சொல்வார்கள், வயிறு எரிந்தும் சொல்வார்கள். எந்த ‘நன்றாக இரு’ என்பது சொல்கிறவரின் கண்ணைப் பார்த்தால்தான் தெரியும். இதை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பார்த்து வளர்ந்த எனக்கு, தாளில் பார்க்கத் தோன்றவில்லை.

இதில் என்ன கொடுமை என்றால், மின்னஞ்சலைப் படித்த பிறகு அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தும் எனக்குத் தவறு தெரியவில்லை. தோழியின் கண் பளபளவென்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் அச்சுப் புத்தகத்தை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். புத்தகம் 528 யென். அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். வந்து சேரப் பதினாறு நாள். ஜன்னலோரம் உட்கார்ந்து 63-ஆம் பக்கத்தை விரித்தேன். தோழியின் கருவிழி முழுக்க ஒரே சீரான சாம்பல் புள்ளிகள். வெள்ளை என்பதே இல்லை. அதே பக்கத்தில் நாயகியின் கண்ணில் பெரிதாக ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே சிறிதாக இரண்டு. முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். அங்கே தோழியின் கண்ணிலும் ஒரு புள்ளி இருந்தது. ‘அவன் சரி என்று சொல்லிவிட்டான்’ என்ற குமிழுக்கும் ‘யோக்கத்தா நே’ என்ற குமிழுக்கும் நடுவில் அது அணைந்திருக்கிறது.

திரையில் ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் எளிது. மங்காவில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஸ்கிரீன்டோன் என்னும் நுண்ணிய கரும்புள்ளிகளின் வரிசைதான் தள்ளிப் பார்த்தால் சாம்பலாகத் தெரிகிறது. அச்சுக்குப் போகும் கறுப்பு வெள்ளைப் பக்கம் பொதுவாக அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் இருக்கும். அதைச் சுருக்கிச் சிறிய படமாக்கினால் டோனின் புள்ளிகளும் திரையின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி, மூலத்தில் இல்லாத கோலங்கள் அலை அலையாக விழும். மொய்ரே என்பார்கள். தோழியின் கருவிழியில் விழுந்த அந்த வெளிறிய அலையைத்தான் நான் ஒளி என்று எண்ணியிருக்கிறேன். ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பெரிய அளவுப் படங்களைக் கேளுங்கள். ஏதாவது ஒரு முகத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குள் வரிகளோ அலைகளோ தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் படத்தை நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பெரிய படம் தர மறுத்தால் புத்தகத்தை நீங்களே வாங்கிவிடுங்கள். 2,200 ரூபாய் அதிகம்தான். எனக்கு அது கடைசியில் மலிவாகத்தான் பட்டது.

அந்த வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். பெரிய பளபளக்கும் கண்களைப் பரவலாக்கிய மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா வளர்ந்த ஊர் தகராசுகா. பெண்களே ஆண் வேடமும் கட்டும் தகராசுகா மேடைக் குழு 1914-இல் முதன்முதலாக மேடையேறிய ஊர் அது. சிறுவயதில் அம்மாவோடு போய்ப் பார்த்த அந்த மேடையும், டிஸ்னியின் கார்ட்டூன்களும் அவர் கையில் படிந்திருந்தன. 1953-இல் சிறுமியர் இதழ் ஒன்றில் அவர் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’ தொடரில் அந்த மேடையின் சாயலைப் பார்க்கலாம். மை தீட்டிய கண்ணில் மேடை விளக்கு பட்டுத் தெறித்தால் எப்படி இருக்குமோ அப்படி. 1950-களின் பிற்பகுதியில் மகோதோ தகஹாஷி போன்றவர்கள் சிறுமியர் இதழ்களில் கண்ணுக்குள் நட்சத்திரத்தையே வரைந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு அதை அணைத்துக் காட்டவும் முடிந்தது. ஒளி போன கண்ணை ஜப்பானியர்கள் ‘செத்த மீனின் கண்’ என்பார்கள். இது நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. உக்கடம் மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் முன் நாம் பார்ப்பது கண்ணைத்தானே.

இத்தனையும் புரிந்தவுடன் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். மங்கா கண்களைப் பற்றி இணையவழிப் பயிற்சி ஒன்றில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நான்கு வாரம். அது கண்ணை வரையக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. மாருபென் என்னும் மெல்லிய பேனா முனையால் இமைமயிரை எப்படி இழுப்பது என்பதிலேயே இரண்டு வாரம் போனது. எனக்குப் பயன்பட்டவை சில பெயர்கள் மட்டும்தான். மேலே ஏறிய கண் ட்சுரிமே, கீழே தொங்கும் கண் தாரேமே, மேல் இமை நேர்கோடாகப் பாதிக் கருவிழியை மறைக்க ஒருவரை ‘உம், சொல் பார்ப்போம்’ என்பதுபோல் முறைக்கும் கண் ஜிதோமே. கருவிழி சிறுத்து, இரண்டு பக்கமும் கீழேயும் ஆக மூன்று இடத்தில் வெள்ளை தெரிந்தால் அது சான்பாக்குகான். ஜிதோமேயை நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்து, ஓரிடத்தில் நாயகியை ‘களைப்பாக இருக்கிறதா?’ என்று கேட்கவும் வைத்திருந்தேன். அவள் களைத்திருக்கவில்லை, கடுப்பில் இருந்தாள்.

அந்த வகுப்பில் ஒரு அட்டவணை கொடுத்தார்கள். இன்ன கண் என்றால் இன்ன உணர்ச்சி என்று வரிசையாக. இந்த மாதிரி அட்டவணைகளை நம்பாதீர்கள் என்பேன். அதில் சான்பாக்குகானுக்கு எதிரே வெறி, கொடூரம், அதிர்ச்சி என்று போட்டிருந்தது. எங்கள் கதையின் நாயகனுக்கோ பிறவியிலேயே சான்பாக்குகான். காலையில் பல் துலக்கும்போதும் அதே கண்தான், பூனைக்குச் சோறு வைக்கும்போதும் அதே கண்தான். அவன் அடிக்கடி சொல்வது “நானி” என்ற ஒற்றைச் சொல். என்ன என்று பொருள். நான் முதல் முறை அதையெல்லாம் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று எரிந்து விழுவதாக எழுதியிருந்தேன். அட்டவணையும் என் பக்கம்தான் சாட்சி சொன்னது. புத்தகத்தில் பார்த்தால் ஒவ்வொரு “நானி”யின்போதும் கருவிழி கட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. மங்காவில் புருவத்தை நெற்றி முடிக்கு மேலேயே தெரியும்படி வரைந்துவிடுவது வழக்கம்; அந்தப் புருவத்தின் உள்முனை மேல்நோக்கி ஏறியிருக்கிறது. பையன் கூச்சப்படுகிறான், அவ்வளவுதான். ஒரு கூச்ச சுபாவியை 180 பக்கத்துக்கு ரௌடியாக அலைய விட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் எனக்கென்று ஒரு முறை பிடிபட்டது. வேலை தொடங்கும் முன், முக்கியமான ஆள் ஒவ்வொருவருக்கும் முதல் அத்தியாயத்திலிருந்து மூன்று கட்டங்களை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டிவிடுவேன். யாரும் அழாத, சிரிக்காத, சும்மா பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரியான கட்டங்கள். அதுதான் அந்த ஆளின் சாதாரணக் கண். எத்தனை ஒளிப்புள்ளி, எந்தப் பக்கம், டோன் எவ்வளவு கறுப்பு, மேல் இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்வேன். பின்னால் வரும் கண்ணை இந்தத் தாளோடுதான் ஒப்பிட வேண்டும், அட்டவணையோடு அல்ல. ஒளிப்புள்ளியே இல்லாமல் திரியும் ஆளுக்கு ஒளி இல்லாதது சோகம் ஆகாது. என்றைக்காவது ஒரு புள்ளி தோன்றினால் அதுதான் செய்தி. ஆறு பேருக்கு இந்தத் தாள் தயாரிக்க எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. முதலிலேயே செய்திருந்தால் திருத்தத்துக்குப் போன ஐந்து வாரம் மிச்சம்.

மூடிய கண்ணிலும் ஏமாறுவோம். இமைக்கோடு வானவில்லைப் போல மேலே வளைந்திருந்தால் சிரிப்பு. கிண்ணத்தைப் போலக் கீழே வளைந்திருந்தால் தூக்கம், நிதானம், மனதுக்குள் எதையோ விழுங்குவது என்று பலவாக இருக்கும். நாயகியின் அம்மா “தாய்ஜோபு” என்று சொல்லும் இடம் ஒன்று. பரவாயில்லை, வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மகள் குடை நீட்டுகிறாள், அம்மா இமையைக் கீழ் வளைவாக மூடி “தாய்ஜோபு” என்கிறாள். நான் வாயோரப் புன்னகையை மட்டும் பார்த்துவிட்டு, ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்!’ என்று உற்சாகமாக எழுதினேன். அம்மா குடையை வேண்டாம் என்று மறுக்கிறாள். அடுத்த கட்டத்தில் அவள் குடையில்லாமல் நடந்துபோகிறாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் வசனம் இல்லை, ஆகவே எக்செல் தாளில் வரிசையும் இல்லை.

ஏன் எப்போதும் வாயையே பார்க்கிறேன் என்று யோசித்ததுண்டு. 2007-இல் யுகி, மேடக்ஸ், மசுதா என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண் ஒன்று சொல்ல வாய் வேறொன்று சொல்லும் முகங்களைக் காட்டினால், அமெரிக்கர்களைவிட ஜப்பானியர்கள் கண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுத்து உணர்ச்சியை எடைபோடுகிறார்கள் என்பது அதன் முடிவு. குறுஞ்செய்தியில் போடும் சிரிப்புக் குறியிலேயே இது தெரியும். ஜப்பானியர்கள் போடும் குறியில் சிரிப்பது ^_^ என்று வளைந்த கண்கள். வாய் வெறும் கோடு. நான் கல்லூரிக் காலம் முழுக்க முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டுச் சிரித்தவள். அதில் சிரித்தாலும் அழுதாலும் கண் அதே இரண்டு புள்ளிதான். இந்தியர்கள் இந்த ஆய்வில் இல்லை என்றாலும் என் கை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது ஒட்டுத்தாளை நீளமாகக் கிழித்து வாயையும் வசனக்குமிழையும் மறைத்து முதல் வாசிப்பை முடிக்கிறேன். கண்ணை மட்டும் பார்த்து, பென்சிலால் ஓரத்தில் ஒரு சொல். அப்புறம்தான் வசனம். என் சொல்லும் வசனமும் ஒத்துப்போகாத இடங்களில்தான் மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான வேலை இருக்கிறது.

கண்ணையே காட்டாத கட்டங்களும் உண்டு. நெற்றி முடியின் நிழல் விழுந்து கண் இருக்கும் இடம் வெறுமையாக, கீழே வாய் மட்டும் இருக்கும். அங்கே ஆசிரியர் வேண்டுமென்றே ஒளித்து வைக்கிறார். நாம் போய் அடைமொழியும் ஆச்சரியக்குறியும் சேர்த்து அவர் மூடியதைத் திறந்துவிடக் கூடாது. நான் ஏழு இடங்களில் திறந்திருந்தேன். கண் தெரியாவிட்டால் வசனத்தைத் தட்டையாகவே விடுங்கள். சப்பென்று இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பார்வை போகும் திசை. மங்கா வலமிருந்து இடமாகப் போகிறது. இடப்பக்கம் பார்க்கும் ஆள் பெரும்பாலும் அடுத்த கட்டத்தைப் பார்க்கிறார், வலப்பக்கம் பார்ப்பவர் கடந்துபோனதைப் பார்க்கிறார். தொடக்ககால ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள். அப்படி வந்த பழைய பிரதிகளை வைத்துப் பழகாதீர்கள்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தாமதத்துக்கும் திருத்தத்துக்கும் சேர்த்துப் பாதித் தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஆகக் கைக்கு வந்தது 11,700. பயிற்சிக்கு 6,500, புத்தகத்துக்கு 2,200 போக மிஞ்சியது 3,000 ரூபாய். முதலில் ஆறு வாரம், பிறகு திருத்தத்துக்கு ஐந்து வாரம். ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய்கூட இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: பெரிய அளவுப் படங்கள், அடுத்த தொகுதி வெளிவந்திருந்தால் அதன் பிரதி, இலவசத் திருத்தம் எத்தனை முறை என்ற எண்ணிக்கை. அடுத்த தொகுதியை முன்கூட்டியே படித்தவர், தோழி யார் என்று தெரிந்த பிறகே 63-ஆம் பக்கத்துக்கு வருவார். படிக்கும் நேரத்துக்குக் காசு தரமாட்டார்கள். அதை மனதில் வைத்துப் பக்க விலையைப் பேசுங்கள். பேசினால் கொஞ்சமாவது ஏறுகிறது. நான் 150 கேட்டேன், 140-க்கு வந்தார்கள்.

ஆமாம், இரண்டாம் தொகுதியையும் எனக்கே கொடுத்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதில் 112-ஆம் பக்கத்தில் தோழி மறுபடியும் “யோக்கத்தா நே” என்கிறாள், பள்ளி மாடிப்படியில், நாயகியின் முகத்தைப் பார்க்காமல். இடது கண்ணை முடி மறைத்திருக்கிறது. வலது கண் அதே சாம்பல். ஆச்சரியக்குறி இல்லாமல், உற்சாகமும் இல்லாமல், சிறிய வாக்கியமாக எழுதி அனுப்பத் தயாரானேன். அனுப்பும் முன் புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, கருவிழியின் மேலோரத்தில் கடுகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளை தெரிந்தது. தூசியோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. மை படாமல் விட்ட இடம்தான்.